மன்னார் வளைகுடா: தீவில் கால் வைக்காமல் கடலைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம் போகிறவர்களில் பெரும்பாலானோர் பாம்பன் பாலத்தில் வண்டியை மெதுவாக்கி ஒரு படம் எடுப்பார்கள். அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயில், மதியச் சாப்பாடு, அரிச்சல்முனையில் இன்னொரு படம். அதோடு ஊர் திரும்பிவிடுவார்கள். வழி நெடுகத் தெற்கே கிடந்தது இந்தியாவின் முதல் கடல்சார் உயிர்க்கோளக் காப்பகம் என்பது பலருக்குத் தெரியாமலே போய்விடும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சரணாலயம் என்றால் ஒரு வாசல், ஒரு சீட்டு, உள்ளே ஒரு பாதை என்றுதான் பழகியிருக்கிறோம். மன்னார் வளைகுடாவுக்கு வாசலே கிடையாது. பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. தீவுகளிலோ நினைத்தபடி இறங்க முடியாது.

ஆனால் எந்த மாதம் போவது, எந்தக் கரையில் நிற்பது, யாருடைய படகில் ஏறுவது என்ற மூன்றும் சரியாக அமைந்தால் இந்தக் கடலை நன்றாகவே பார்க்கலாம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. வரலாற்றைத் தனி அத்தியாயமாக எழுதவில்லை. அது நடந்த ஊர் வழியில் வரும்போது அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வரைபடத்தை விரியுங்கள்

ராமேஸ்வரம் தீவு ஒரு குறுக்குச் சுவர் போலக் கிடக்கிறது. அதற்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் இருப்பவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். அமைதியான வடக்கைப் பெண் கடல் என்றும், அலை எழும்பும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வதுண்டு. நாம் பார்க்கப் போவது தென்கடல். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கரைக்கு இணையாக, சில கிலோமீட்டர் தள்ளி, 21 தீவுகள் மாலை கோத்ததுபோல் நிற்கின்றன. ஒன்றிலும் குடியிருப்பு இல்லை. தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கியது. 1989-இல் கன்னியாகுமரி வரை நீளும் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

தீவுகள் நான்கு கூட்டம். மண்டபம் கூட்டத்தில் ஏழு: சிங்கில், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, மனோலிபுட்டி, முயல் தீவு. ஏறத்தாழ 129 ஹெக்டேர் உள்ள முயல் தீவுதான் எல்லாவற்றிலும் பெரியது. கீழக்கரை கூட்டத்திலும் ஏழு: முல்லி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். வேம்பாறு பக்கம் மூன்று: நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புழுவினிசல்லி. தூத்துக்குடிக்கு எதிரே வான், காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி. இருபத்தொன்று என்று அரசு ஆவணங்களில் இருந்தாலும் கடலில் எண்ணினால் பத்தொன்பதுதான் தேறும். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. ஏன் போயின என்பதைத் தூத்துக்குடி வரும்போது பார்ப்போம்.

இந்தக் கடலில் இதுவரை பதிவான தாவர, விலங்கினங்கள் 4,223. பவள இனங்கள் மட்டுமே 117. அதற்கு மேல் எண்களை அடுக்கப் போவதில்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பயணத்தில் மற்ற எது தவறினாலும் சமாளிக்கலாம், இதைத் தவிர. ஆனி தொடங்கி ஆவணி தாண்டியும் தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று தென்கடலைக் கலக்கிவிடும். தண்ணீர் குழம்பிப்போய் ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. படகையும் பல நாள் எடுக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் ஓரளவு அடங்கியிருந்தாலும் மழையும் புயல் எச்சரிக்கையும் எந்த நேரமும் திட்டத்தைக் கெடுக்கும். ராமேஸ்வரம் தீவின் சிறுதொழில் மீனவர்கள் பலர் இந்தக் காற்றுக் கணக்கில்தான் ஒரு பருவம் வடக்கிலும் ஒரு பருவம் தெற்கிலும் தொழில் பார்க்கிறார்கள்.

ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். இரண்டு கடலும் அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை என்று வருகிறவர்கள் அதிகம். அப்போது கடல் கண்ணாடி போலக்கூட இருக்கலாம், ஆனால் வெயில் தாங்காது, பவளங்களும் வெளுத்திருக்க வாய்ப்பு உண்டு. பவளப்பூச்சியின் உடலுக்குள் நுண்பாசி ஒன்று குடியிருக்கிறது; பூச்சிக்கு உணவும் நிறமும் அதனிடமிருந்துதான். கடல் நீர் வழக்கத்துக்கு மேல் சூடானால் பூச்சி அந்தப் பாசியை வெளியேற்றிவிடும், வெறும் வெள்ளைக் கூடு மட்டும் தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும். நீடித்தால் பவளம் செத்துவிடும். 2010-இலும் 2016-இலும் இங்கே பெரிய அளவில் அப்படிச் செத்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகப் பரபரப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

அனுமதியும் தங்குமிடமும்

தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் அனுமதியின்றி இறங்குவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ஆளுக்கு இவ்வளவு கொடுங்க, தீவுல இறக்கிவிடுறேன்" என்று கரையில் யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு. படகு பறிபோவது அவருக்கு. சட்டப்படியான வழி வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாப் படகுகள்தான். தென்கடலில் பாம்பன் குந்துகாலும் ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன்வலசையும், வடகடலில் காரங்காடும் அப்படிப்பட்ட இடங்கள். கட்டணமும் நேரமும் காற்றைப் பொறுத்தும் உத்தரவைப் பொறுத்தும் மாறும். முந்தின நாள் அங்குள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். காலைப் படகுதான் நல்லது. மதியத்துக்குமேல் காற்று எழும்பிவிடும்.

தங்குவதற்கு ராமேஸ்வரத்தைவிட ராமநாதபுரம் வசதி. எல்லாத் திசைக்கும் நடுவில் இருக்கிறது, திருவிழா நாட்களிலும் அறை கிடைக்கும். மதுரையிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர். தொப்பி, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பு, குடிநீர், ஒரு இருகண்நோக்கி (பைனாகுலர்) இருந்தால் போதும். இருகண்நோக்கியை விட்டுவிட்டுப் போய்த் தனுஷ்கோடியில் வருத்தப்படுகிறவர்கள் நிறைய.

மண்டபத்தில் தொடங்குங்கள்

முதல் நாள் காலை நேரே பாலத்துக்கு ஓடாமல் மண்டபத்தில் இறங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கப்பட்டது. 1949 முதல் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை அதன் தலைமையகம் இங்கேதான் இருந்தது. இப்போது மண்டல மையமாக இருக்கும் அந்த வளாகத்தில் அருங்காட்சியகமும் மீன்காட்சியகமும் உண்டு. வேலை நாளில் திறந்திருக்கிறதா என்று விசாரித்துப் போங்கள். பிறகு கடலில் பார்க்கப் போகிறவற்றின் முகங்களை இங்கே பழகிக்கொள்ளலாம்: கடல் அட்டை, கடல் குதிரை, சிங்கி இறால், திருக்கை, மான்கொம்பாகக் கிளைவிடும் பவளம், மனித மூளை மடிப்புப் போன்ற பவளம். கடல் அட்டையும் கடல் குதிரையும் பவளமும் 2001-இல் புலிக்கு இணையான சட்டப் பாதுகாப்புக்குள் வந்தவை. அதற்கு முன்பு அட்டையை வேகவைத்துக் காயப்போட்டு ஏற்றுமதி செய்வது இந்தக் கரையில் பெரிய தொழில். கடத்தல் இன்றைக்கும் நிற்கவில்லை. பத்திரிகையில் மாதம் ஒரு செய்தியாவது வரும்.

மண்டபம் கேம்ப் என்ற பெயருக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை நோய்த்தொற்றுச் சோதனைக்காக நிறுத்திவைத்த முகாம் இங்கே இருந்தது. மலையகத் தமிழ்க் குடும்பங்களில் மூன்று நான்கு தலைமுறைக்கு முந்திய நினைவாக இந்தப் பெயர் வரும். மீன் ஆராய்ச்சியைப் பார்க்க வந்த இடத்தில் இதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

பாலம்: நடந்து பாருங்கள்

1988-இல் திறந்த சாலைப் பாலத்தின்மேல் நின்றால் இரண்டு கடலும் ஒரே பார்வையில் விழும். பல நாட்களில் நிறமே வேறாக இருக்கும். பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலம். அதையொட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். பாலத்தில் வண்டியை நிறுத்துவது போலீசாருக்குப் பிடிக்காது. பாம்பன் முனையில் விட்டுவிட்டு நடந்து வருவதுதான் மரியாதை.

கீழே பாம்பன் கரையிலும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். மணலுக்கு நடுவே கடினமான, பொத்தல் விழுந்த பாறைகள் தெரியும். கடல்மட்டம் இன்றைவிட உயர்ந்திருந்த காலத்தில் நீருக்குள் வளர்ந்து, பிறகு மேலே நின்றுபோன பவளப்பாறைகள் அவை. ராமேஸ்வரம் தீவே இப்படிப்பட்ட அடித்தளத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

குந்துகாலும் குருசடையும்

பாம்பனிலிருந்து தெற்கே ஒரு சாலை குந்துகாலுக்குப் போகும். சிகாகோ சொற்பொழிவுக்குப் பிறகு இலங்கை வழியாகத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இங்கேதான் இந்திய மண்ணில் இறங்கினார். எதிர்கொண்டு அழைத்தவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே கடலில் பச்சையாகத் தெரிவது குருசடை.

தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த மூத்த தலைமுறையிடம் குருசடை என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். கல்லூரிச் சுற்றுலா என்றால் அவர்களுக்கு இந்தத் தீவுதான். சென்னை மாகாண மீன்வளத் துறையின் கடல் உயிரியல் நிலையம் இங்கே இயங்கியது. முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் உள்ளவற்றுக்கும் இடைப்பட்ட உறவைக் காட்டுவதாகப் பாடநூல்கள் சொல்லும் பாலனோகிளாசஸ் என்ற மண்புழு போன்ற உயிர் இதன் மணலில் வாழ்கிறது. வனத்துறைப் படகில் போனால் அவர்கள் காட்டும் பாதைக்குள் மட்டும் நடக்கலாம். அலையாத்தி மரங்கள், ஓடைக்கரை நண்டுகள், ஆழமில்லாத நீரில் கடல்புல்.

கடல்புல்லைப் பார்த்துவிட்டு "வெறும் புல்தானே" என்று திரும்பிவிடாதீர்கள். என் கணக்கில் இந்த வளைகுடாவின் கருவூலம் பவளம் இல்லை, இந்தப் புல்தான். பாசி வேறு, இது வேறு. இதற்கு வேர் உண்டு, பூ உண்டு, தண்ணீருக்குள்ளேயே மகரந்தம் போகும். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஓரா மீன் குஞ்சும் இதற்குள் ஒளிந்துதான் வளர்கின்றன. பேராமை இதை மேய்கிறது. கடல்பசு இதை நம்பியே உயிர் வாழ்கிறது. கரையில் ஆவுளியா என்று சொல்லப்படும் அந்த விலங்கு மூன்று மீட்டர் நீளம் வளரும், ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும், மூச்சுவிடச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வரும், சில வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். இப்படி மெதுவாகப் பெருகும் ஒன்றை இறைச்சிக்காக வேட்டையாடினால் என்ன ஆகும்? இந்தியக் கடல்களில் இப்போது மொத்தமே சில நூறுதான் மிச்சம். 2022 செப்டம்பரில் வடக்கே பாக் நீரிணையில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448.35 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது. அந்தக் கூட்டத்தின் உறவினர்கள்தான் தென்கடலிலும் திரிகின்றன. படகுக்காரர் "ஆவுளியா காட்டுறேன்" என்று உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

குந்துகால் போகும் வழியில் சின்னப்பாலம் வரும். பாசி எடுக்கும் பெண்களின் ஊர்களில் ஒன்று. கடல் வற்றும் நேரம் பார்த்து, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசி கிள்ளி இடுப்புப் பையில் சேர்ப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசிக்கு விலை அதிகம், அகார் எடுக்க உதவும். கட்டக்கோரை கொஞ்சம் மலிவு. 1986-இல் தீவுகளைச் சுற்றி எல்லைக்கோடு விழுந்தபோது, பாட்டி காலம் முதல் போய்வந்த இடங்களே இவர்களுக்குத் தடையாயின. இதற்கு நடுவிலும் மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது, பாசி வளர மீதி நாளை விட்டுவிடுவது என்று பெண்கள் தாங்களே ஒரு கட்டுப்பாட்டை ஏற்படுத்திக்கொண்டார்கள். இந்த ஊர்ப் பெண் ஒருவருக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருதும் கிடைத்தது. இரட்டைமடி, தல்லுமடி என்ற வலைகள் கடலடியை வாரிக்கொண்டு போவதோடு ஒப்பிட்டால், கையால் கிள்ளும் இந்தப் பெண்களால் வரும் சேதம் எவ்வளவு என்ற கேள்வி நியாயமானது. பாதுகாப்பு என்ற பெயரில் முதலில் வெளியே நிறுத்தப்படுகிறவர்கள் எப்போதும் எளியவர்கள்தான். அனுமதி கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

குருசடைக்கு இன்னொரு தொல்லையும் வந்தது. பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி, வளர்த்த மூங்கில் மிதவைகளைத் தாண்டிப் பரவி, இந்தத் தீவின் உயிருள்ள பவளங்கள்மீது பாய் விரித்தது 2008 வாக்கில் கண்டறியப்பட்டது. கையால் பிய்த்து எடுக்கிறார்கள். ஒரு துண்டு மிச்சம் இருந்தாலும் மறுபடி வளர்ந்துவிடுகிறது.

தனுஷ்கோடிக்கு விடியலில் போங்கள்

கோதண்டராமர் கோயில் தாண்டியதும் சாலைக்கு இருபுறமும் தண்ணீர். இடப்பக்கம் வடகடலின் சேற்றுக்கழிகள், வலப்பக்கம் தென்கடலின் அலை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பூநாரைகள் இந்தக் கழிகளில் கூட்டமாக நின்று, தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டி மேயும். 2025 ஜூன் 5 அன்று இங்கே 524.7 ஹெக்டேர் பரப்பு பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சாலையைவிட்டு இறங்கிக் கிட்டப் போனால் மொத்தமும் பறந்துவிடும். வண்டியின் மறைவில் நின்று பாருங்கள். உள்ளான்கள், ஆலாக்கள், கடற்காகங்களும் சேர்ந்தே இருக்கும். நண்டுதின்னி என்ற கறுப்பு வெள்ளைப் பறவைக்காக மனோலித் தீவுப் பக்கம் ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள்; உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் கரையிலேயே தட்டுப்படலாம்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயல் தனுஷ்கோடி ஊரையும், பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் கொண்டுபோனது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இங்கே கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போகும் வழி அன்றோடு நின்றது. தேவாலயத்தின் இடிந்த சுவரை உற்றுப் பாருங்கள். பவளக்கற்களை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். கடலில் கிடைத்த கல்லை எடுத்துக் கட்டுவது அன்று இயல்பான காரியம். அரிச்சல்முனைக்கு 2017-இல் சாலை வந்தது. அங்கே இரண்டு கடலின் நீரோட்டமும் மோதுகிறது, கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையானதும் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில்

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை பதினேழு கிலோமீட்டர்தான். கல்தூண்கள் வரிசையிட்ட பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குள் நுழைந்தால் கோயில் மண்டபத்துக்குள் வந்ததுபோலத் தோன்றும். 17-ஆம் நூற்றாண்டின் வள்ளல் சீதக்காதி இந்த ஊர்க் கடல்வணிகர். சேதுபதிகளின் காலத்தில் முத்திலும் சங்கிலும் புழங்கிய பணம் இந்தத் தெருக்களில்தான் ஓடியது. சங்கு குளிப்பதில் கீழக்கரை ஆட்களுக்குத் தனிப் பெயர் உண்டு. இங்கே எடுத்த சங்கு கப்பலேறி வங்காளம் போய்த் திருமணமான பெண்களின் கைவளையாகும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் தொதல் என்ற இனிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஏர்வாடி தாண்டிப் பிச்சைமூப்பன்வலசை. குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் இதைச் சொல்வேன். கரையிலிருந்து படகில் ஏற்றி, ஆழமில்லாத கடலுக்கு நடுவே எழும்பி நிற்கும் மணல்திட்டுக்கு அழைத்துப்போவார்கள். வழியில் பவளப்பாறை இருக்கும் இடத்தில் நிறுத்திக் காட்டுவார்கள். தண்ணீர் தெளிந்த காலையில் கிளிமீன் பவளத்தைக் கொறிப்பது தெரியும், கலவா பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும், கரிய கடல்முள்ளி இடுக்கில் ஒட்டியிருக்கும். படகை ஓட்டுகிறவர்களும் வழிகாட்டுகிறவர்களும் அந்த ஊர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களிடம் கேள்வி கேளுங்கள், பலகையில் எழுதியிருப்பதைவிட அதிகம் தெரியும்.

காயல் ஓடையில் மெல்லப் போகும் சவாரி பிடிக்குமென்றால் ராமநாதபுரத்துக்கு வடக்கே, தொண்டி போகும் சாலையில் காரங்காட்டுக்கு அரை நாள் ஒதுக்கலாம். அது பாக் நீரிணைப் பக்கம். அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகு, ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் நண்டும் மீனும். நேரமில்லாதவர்கள் விட்டுவிடலாம்.

ஏர்வாடிக்குத் தெற்கே சாலை சாயல்குடி, வேம்பாறு, வைப்பாறு என்று போகும். மூக்கையூர், முந்தல் பக்கம் கரையில் நின்றால் நல்லதண்ணித் தீவு கோடாகத் தெரியும். வேம்பாறும் வைப்பாறும் பரதவரின் ஏழு கடற்றுறைகளைச் சேர்ந்தவை. பழைய தேவாலயங்களுக்காக நிறுத்தலாம்.

தூத்துக்குடியில் முடியுங்கள்

முத்தின் கதை கொற்கையில் தொடங்குகிறது. தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்த பாண்டியர் துறைமுகம். இப்போது கடல் பல கிலோமீட்டர் விலகிப்போய் வயலுக்கு நடுவே ஓர் ஊராக நிற்கிறது. சங்கப் பாடல்களில் கொற்கை முத்து வருகிறது. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் கையேடு, இங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்தார்கள் என்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கும், மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போகும் என்று எழுதினார். கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட அந்த ஆட்கள் ஆங்கிலேயர் காலத்திலும் இருந்தார்கள். அவர்கள் வராமல் குளியாளிகள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவர்களை அனுசரித்தது.

முத்துக்காக நடந்த போட்டிதான் இந்தக் கரையின் அரசியலையும் மதத்தையும் மாற்றியது. 1530-களில் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினார்கள், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார், 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர். யார் ஆண்டாலும் முறை மாறவில்லை. பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பை அறிவிப்பார்கள். காலில் கல்லைக் கோத்து, கயிற்றைப் பிடித்து, பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்கி, கூடையில் சிப்பியை வாரிப் போட்டுக் கயிற்றை ஆட்டுவார்கள். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து சலாபம் நடந்தது. அதுவே கடைசி. அதன் பிறகு பார்கள் அந்த அளவுக்கு நிறையவே இல்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து உருவானது என்றாலும், ஊர்க்கடைகளில் "தூத்துக்குடி முத்து" என்று விற்பது இந்தக் கடலில் குளித்து எடுத்தது அல்ல.

இனி மூழ்கிய தீவுகள். சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகளாகத் தோணி தோணியாகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். தீவுக்கு முன்னால் அலையைத் தாங்கும் அரண் அந்தப் பவளம்தான். அது போனதும் அலை நேரே மணலை அரித்தது. விலாங்குசல்லி மறைந்தது அப்படி. துறைமுக நகரத்துக்கு எதிரே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்த வான் தீவும் நாலில் ஒரு பங்குகூட மிஞ்சாத அளவுக்குச் சுருங்கியது. 2015 வாக்கில் தொடங்கி அதன் கடல்முகப்பில் பொத்தல் வைத்த கான்கிரீட் அமைப்புகளை வரிசையாக இறக்கினார்கள். அலை வேகம் குறைந்தது, மணல் சேரத் தொடங்கியது, கான்கிரீட்டிலேயே பவளமும் மீனும் குடிவந்தன. இங்குள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த வேலையிலும், உடைந்த பவளத் துண்டுகளைச் சட்டத்தில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்ப்பதிலும் பல வருடமாக ஈடுபட்டிருக்கிறது. இந்தியாவில் மூழ்கவிருந்த ஒரு தீவைத் தூக்கி நிறுத்திய முயற்சி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். பார்க்கத் தீவுக்குப் போக வேண்டியதில்லை, போகவும் விடமாட்டார்கள். கரையிலிருந்து இருகண்நோக்கியில் பாருங்கள். பிறகு பனிமய மாதா கோயில், மக்ரூன், இரவில் பரோட்டா.

வாங்கக் கூடாதவை, தொடக் கூடாதவை

ராமேஸ்வரம் கடைத்தெருவில் சங்கு வாங்கலாம், அதில் தடையில்லை. பவளத்துண்டு, கடல்விசிறி, காய்ந்த கடல் குதிரை, ஐவிரல் சங்கு போன்றவற்றைத் தொடாதீர்கள். எந்தச் சிப்பி சட்டப் பட்டியலில் இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். கரையில் கிடக்கிற பவளத்தையும் பையில் போடக் கூடாது. ஆழமில்லாத நீரில் நிற்கும்போது பவளத்தின்மேல் கால் வைத்தால் அது உடையும், உங்கள் காலும் கிழியும். கல்மீன் என்று ஒன்று பாறையைப் போலவே கிடக்கும், அதன் முள் குத்தினால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். சொறி எனப்படும் ஜெல்லிமீன் கரையில் செத்து ஒதுங்கிக் கிடந்தாலும் குழந்தைகளைத் தொடவிடாதீர்கள், அப்போதும் அரிக்கும்.

பங்குனி ஆமை என்ற கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் ஜனவரியில் தொடங்கும். இரவில் கடற்கரையில் டார்ச் அடித்துத் திரிய வேண்டாம். வலையில் சிக்கிய ஆமையையோ கரையொதுங்கிய கடல்பசுவையோ பார்த்தால் நீங்களாக இழுத்துக் கடலில் விடாதீர்கள். அருகில் இருக்கும் மீனவரிடம் சொல்லுங்கள். வலையில் மாட்டிய கடல்பசுவை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி தருவதால் அவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியும். ஆளில்லாத கரையாக இருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணை அழையுங்கள்.